தனியாக ஆடுகிற கேமுக்கு சர்வர் எதற்கு?

தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேமுக்கு இன்டர்நெட் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஒருத்தரும் எனக்கு இதுவரை உருப்படியான பதில் சொன்னதில்லை. கூட விளையாட ஆள் கிடையாது, எதிரே வருவதெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுகிற எதிரிகள், நூறு ஜிபி என் டிஸ்கில்தான் கிடக்கிறது. இருந்தும் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து ஃபைபர் கேபிள் அறுபடுவது வழக்கமாகிவிட்டது. கரண்ட் இருக்கும், நேரம் இருக்கும், காசு கொடுத்து வாங்கிய கேமும் இருக்கும், ஆட மட்டும் முடியாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசமும் இல்லை.

அதனால் கேம் வாங்குவதற்கு முன்னால் நான் இப்போது முதலில் பார்ப்பது கிராஃபிக்ஸையோ ரிவ்யூ மதிப்பெண்ணையோ இல்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டால் ஓடுமா ஓடாதா, அதைத்தான்.

இது கொஞ்சம் ஓவர் என்று நினைப்பவர்களிடம் 'தி க்ரூ' கதையைச் சொல்வேன். யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார் கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே மேப்பாகப் போட்டிருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி, வயல், மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் நடுவில் ஒரு லோடிங் கூட இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகலாம். ரேஸ் ஒரு சாக்குதான், அதில் சும்மா ஊர் சுற்றுவதற்காகவே ஆடியவர்கள் நிறைய பேர். அவ்வளவு தனியாக ஆடக்கூடிய கேம். ஆனால் உள்ளே போகவே சர்வர் வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள், அதோடு அந்த அமெரிக்காவே போய்விட்டது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் அதே கதிதான். அடுத்த மாதமே பலருடைய கணக்கிலிருந்தும் கேமை எடுத்துவிட்டார்கள். நின்றுபோன வண்டியைக் கூட வீட்டு வாசலில் விட்டு வைக்கவில்லை.

(நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கேம் தன்னுடையது இல்லை என்பதற்கு ஆட்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று யூபிசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2024 ஜனவரியில் சொன்னதாக மீம் மீமாக ஓடியது. அவர் பேசிக்கொண்டிருந்தது மாதச் சந்தா எப்போது பிரபலமாகும் என்பதைப் பற்றி. அந்தச் சூழலில் அது அத்தனை அக்கிரமமான பேச்சு இல்லை. ஆனால் அதைச் சொன்ன ரெண்டே மாதத்தில் இந்தக் காரியத்தையும் செய்தால் மீம் போடாமல் என்ன செய்வார்கள்?)

'சர்வர் இல்லாமல் இந்த கேம் ஓடாது, அதன் அமைப்பே அப்படி' என்பதுதான் கம்பெனிகள் எப்போதும் சொல்கிற காரணம். சில கேம்களுக்கு அது உண்மை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பல கேம்களுக்கு அது பொய் என்பதற்கு அவர்களே சாட்சி விட்டு வைத்திருக்கிறார்கள்.

2013 மார்ச்சில் வந்த 'சிம் சிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நகரம் கட்டுகிற கேம், உலகத்திலேயே அமைதியாகத் தனியாக உட்கார்ந்து ஆடுகிற வகை. கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, அதனால் ஆன்லைன் கட்டாயம் என்றார்கள். வெளியான வாரம் சர்வர்கள் படுத்துவிட்டன, காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சில நாளிலேயே ஒரு ஆள் கேமின் புரோகிராமில் கொஞ்சம் கைவைத்து, நெட் இல்லாமலும் நகரம் ஓடுகிறது என்று காட்டிவிட்டார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், கம்பெனியே ஆஃப்லைன் வசதியை அப்டேட்டாகக் கொடுத்தது. முடியாதது ஒரு வருடத்தில் எப்படி முடிந்தது?

பிசாசுகளை வேட்டையாடுகிற 'டயாப்ளோ 3' இன்னும் வேடிக்கை. 2012 மே மாதம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது கட்டாய ஆன்லைன். முதல் நாள் உலகம் முழுக்க ஆட்கள் பார்த்தது பிசாசை இல்லை, சர்வரில் இடமில்லை, உள்ளே நுழைய முடியாது என்கிற 'எர்ரர் 37' செய்தியைத்தான். அதே கேம் 2013 செப்டம்பரில் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. அங்கே நெட் வேண்டியதில்லை. ஒரே கேம், ஒரே பிசாசு, ஒரே கத்தி. கன்சோலில் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆடலாம், பிசியில் முடியாது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

எதிர்ப்பக்கம் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' 2017-ல் வந்தபோது ஆன்லைனைச் சுற்றியே கட்டிய கேம், சேவ் பண்ணவே சர்வர் வேண்டும். 2024 ஜனவரி 31-ல் சர்வரை மூடினார்கள். மூடுவதற்கு முன்னால் ஒரு அப்டேட் விட்டு, தனியாக ஆடும் பகுதி நெட் இல்லாமல் ஓடவும் சேவ் ஆகவும் வழி செய்துவிட்டுத்தான் மூடினார்கள். 'தி க்ரூ'வும் அதே வருடம், ரெண்டு மாத இடைவெளியில். ரெண்டுமே கார் கேம். ஒன்றை மட்டும் கம்பெனியே ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போனது.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ஒரு கேம் எப்படிச் சாகும் என்பதை அதன் கடைசி வருடத்தில் யாரும் முடிவு செய்வதில்லை, கட்ட ஆரம்பிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கடைசியில் போய், இப்போது பிரித்தெடுக்க ரொம்பச் செலவாகும் என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பின்னிப் பிணைத்தது யார்? திருட்டுக் காப்பியைத் தடுக்கலாம், உள்ளே கடை வைத்து டிசைன் டிசைனாக விற்கலாம், யார் எவ்வளவு நேரம் எங்கே நிற்கிறான் என்று கணக்கெடுக்கலாம் என்பதற்காகச் செய்த பிணைப்பு அது. ஆடுகிறவனுக்காகச் செய்தது இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு இதில் எரிச்சல் அதிகமாக வருவதற்கு ஒரு காரணம், நாங்கள் மல்டிபிளேயரைக் கற்றுக்கொண்டதே இன்டர்நெட் இல்லாமல்தான். பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, ரெண்டு அணியாகப் பிரிந்து சுடுகிற கேம். மணிக்கு இவ்வளவு என்று காசு, எட்டு மிஷின், ஒரு ஸ்விட்ச், கீழே கொத்தாகக் கேபிள். நெட் கார்டு தீர்ந்து மெயில் பார்க்க வந்தவர்கள் புலம்பிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பாட்டுக்கு டஸ்ட் 2 மேப்பில் ஓடிக்கொண்டிருப்போம். ஏனென்றால் சர்வர் அந்த ரூமிலேயே இருந்தது. மூலையில் இருந்த மிஷினில் ஒருத்தன் 'நியூ கேம்' அழுத்தினால் அதுதான் சர்வர். கேமோடு சேர்த்தே சர்வர் ஓட்டுகிற புரோகிராமையும் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால்தான் அது இன்றைக்கும் சாகவில்லை. கம்பெனி நாளைக்கே கடையைச் சாத்தினாலும் ரெண்டு மிஷினும் ஒரு கேபிளும் இருந்தால் ஆடலாம்.

இப்போதும் அப்படிச் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. 'நாக்அவுட் சிட்டி' என்று ஒரு கேம், பந்தால் அடித்து விளையாடுவது, முழுக்க முழுக்க ஆன்லைன். ஓடவில்லை, 2023 ஜூனில் மூடினார்கள். சின்ன கம்பெனிதான், ஆனால் மூடும்போது, இஷ்டப்பட்டவர்கள் சொந்தமாக சர்வர் வைத்து ஆடிக்கொள்ளுங்கள் என்று தனியாக ஒரு பிசி பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நஷ்டத்தில் மூடுகிற சின்ன கம்பெனிக்கு அது முடிந்திருக்கிறது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' கதை இதைவிட நீளம். 2004-ல் தொடங்கிய சூப்பர் ஹீரோ ஆன்லைன் கேம், 2012 நவம்பர் 30-ல் அதை நடத்திய என்சிசாஃப்ட் கம்பெனி மூடியது. சர்வர் கேட்டு ரசிகர்கள் அழுது பார்த்தார்கள், நடக்கவில்லை. 2019-ல்தான் தெரிந்தது, ஒரு கூட்டம் வருடக்கணக்கில் ரகசியமாகத் தனி சர்வர் வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரிந்ததும் இணையத்தில் பெரிய சண்டை, அப்புறம் சர்வர் புரோகிராமே வெளியே கசிந்தது, ஆளாளுக்கு சர்வர் போட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, 2024 ஜனவரியில் அந்த ரசிகர் சர்வர்களில் ஒன்றான ஹோம்கமிங்குக்கு என்சிசாஃப்டே முறைப்படி அனுமதி கொடுத்துவிட்டது. பதினோரு வருடமாகக் காசு வராத ஒரு பொருளை ரசிகர்கள் கையில் கொடுத்ததால் அந்தக் கம்பெனிக்கு எந்தக் குடியும் முழுகவில்லை.

சரி, கஷ்டமான பக்கம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிற பெரிய கேம்களில் சர்வர் என்பது ஒரு புரோகிராம் இல்லை. லாக்இன் ஒன்று, ஆள் சேர்ப்பது ஒன்று, கடை ஒன்று, ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது ஒன்று என்று பல துண்டுகள், அதில் பாதி அடுத்த கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கியது. அதை அப்படியே ஜிப் போட்டுக் கொடுக்க முடியாது என்பது நியாயம். ஐரோப்பிய கேம் கம்பெனிகளின் சங்கமும் இதைத்தான் சொல்கிறது: தனியார் சர்வரில் ஆட்களின் தகவல் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அங்கே சட்டவிரோதமான விஷயம் வந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் கட்டாயமாக்கினால் செலவு ஏறும். முதல் ரெண்டு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில், சர்வர் வைக்கிறவன்தான் பொறுப்பு என்பது. மின்கிராஃப்ட் சர்வர் வீட்டில் வைத்திருக்கிற பையன்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அதில் நடப்பதற்கெல்லாம் மைக்ரோசாஃப்ட்டா ஜெயிலுக்குப் போகிறது? மூன்றாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் பழைய கேம்களை விட்டுவிடுங்கள், இனிமேல் கட்டுவதை மட்டும் முடிவை யோசித்துக் கட்டுங்கள் என்பது என் கட்சி. முதலிலிருந்தே யோசித்தால் செலவு பெரிதாக இருக்காது.

இதைத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று 2024 ஏப்ரலில் ஆரம்பித்தார், 'தி க்ரூ' மூடின கையோடு. ஐரோப்பிய யூனியனில் குடிமக்கள் பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. ரொம்ப நாள் இழுத்து, கடைசி மாதத்தில் ஒரு சண்டை கிளம்பி, அந்தச் சண்டையாலேயே பிரபலமாகி, 2025 ஜூலையில் கெடு முடியும்போது 14 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அவர் கேட்பது என்றென்றைக்கும் சர்வர் ஓட்டு என்பது இல்லை. பலர் அப்படித்தான் புரிந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். நிறுத்துகிற நாளில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான் கேட்பது. யூபிசாஃப்டே அப்புறம் 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதி செய்துகொடுத்தது. முதல் கேமை ரசிகர்களே சர்வர் எழுதி 2025 செப்டம்பரில் மறுபடி ஓட வைத்துவிட்டார்கள்.

கௌரவமாகச் செத்த கேமும் உண்டு. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது, ரெண்டு வாரம். உலகமே சிரித்தது. ஆனால் வாங்கிய எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். நெட் வழியாகவே கேம் ஓட்டுகிற கூகுளின் ஸ்டேடியா சேவை 2023 ஜனவரியில் மூடும்போது கேம் காசும் கருவிக் காசும் திரும்பி வந்தது, கன்ட்ரோலரில் ப்ளூடூத்தைத் திறந்துவிட்டு மற்றதுக்காவது பயன்படட்டும் என்றும் விட்டார்கள். தோற்றாலும் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனார்கள், எனக்கு அதில் புகார் இல்லை.

சர்வரே இல்லாத கேமையும் கொல்ல ஒரு வழி இருக்கிறது: லைசென்ஸ். எனக்கு இதுதான் அதிக எரிச்சல். ஜிடிஏ கேம்களில் கார் ரேடியோதான் பாதி கேம். 'சான் ஆன்ட்ரியாஸ்' ஆடிய யாரைக் கேட்டாலும் மிஷனை மறந்திருப்பார்கள், பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். பாட்டு லைசென்ஸ் காலாவதியானதால் 2014-ல் ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் ஒரு அப்டேட் வந்து பல பாட்டுகளை எடுத்துவிட்டார்கள். 'ஜிடிஏ 4'-ல் விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்று ஒரு ரஷ்ய ரேடியோ. அந்த மழை, அந்த மஞ்சள் விளக்கு, கப்பலில் வந்து இறங்கிய நிகோ, அதற்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவு பொருந்தும். ஒரு வார்த்தை புரியாமல் அதைக் கேட்டுக்கொண்டே பாலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டியிருக்கிறேன். 2018 ஏப்ரலில், பத்து வருட லைசென்ஸ் முடிந்தது என்று அந்த ரேடியோவில் பெரும்பாலான பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு ரஷ்யப் பாட்டுகளைப் போட்டார்கள். புதிதாக வாங்குகிறவனுக்கு மாற்றிக் கொடுத்தால் புரிந்துகொள்கிறேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவனின் காப்பிக்குள் புகுந்து எடுப்பது எந்த ஊர் நியாயம்? நான் ஆடிய நகரம் இப்போது எங்கேயும் விற்பனையில் இல்லை, அதே பெயரில் வேறொன்று இருக்கிறது.

கார் கேம்களுக்கு இது நிரந்தர வியாதி. கார் கம்பெனி, டயர் கம்பெனி, பாட்டு என்று எல்லாவற்றுக்கும் கெடு. 2018-ல் வந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 4'-ஐ 2024 டிசம்பர் 15-ல் கடையிலிருந்து எடுத்தார்கள். வாங்கியவர்கள் ஆடலாம், அதுவரை நிம்மதி. கார் கேமே இல்லாத 'ஆலன் வேக்' கூட பாட்டுப் பிரச்சினையால் 2017-ல் காணாமல் போய், மறுபடி பேசி முடித்து 2018-ல் திரும்பி வந்தது. இது மனசு வைத்தால் தீரும் பிரச்சினைதான். ஆனால் விற்பனை குறைந்த பழைய கேமுக்கு யார் மனசு வைப்பார்கள்?

நம் ஊரில் ஒரு சிக்கல் கூடுதல். இங்கே பெரும்பாலானவர்கள் கேம் ஆடுவது போனில். இதுவரை சொன்ன எல்லாம் போனில் பத்து மடங்கு வேகமாக நடக்கிறது, யாரும் அழுவதும் இல்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் என்ற பழைய முறையில் எழுதிய ஆப்கள் எல்லாம் ஓடாது என்று ஆப்பிள் நிறுத்தியது. ஐபோனின் முதல் சில வருடத்து கேம்களில் அப்டேட் பண்ண ஆள் இல்லாதவை அத்தனையும் ஒரே இரவில் போய்விட்டன. ஐபோனில் இப்படியும் ஒரு கேம் வருமா என்று 2010-ல் வாயைப் பிளக்க வைத்த 'இன்ஃபினிட்டி பிளேட்' வரிசையை 2018 டிசம்பரில் எபிக் கம்பெனியே கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு டிஸ்கும் கிடையாது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் போகவும் முடியாது.

அப்புறம் பப்ஜி. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது, அக்டோபர் கடைசியில் சர்வர் நின்றது. என் அக்கா பையன் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. "மாமா, ஐடி போச்சு" என்று போன் பண்ணினான், குரல் உடைந்திருந்தது. வருடக்கணக்கில் சேர்த்த துப்பாக்கி டிசைன், தாத்தா கொடுத்த பொங்கல் காசில் வாங்கிய சட்டை எல்லாம் அதில். 2021 ஜூலையில் அதே கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மாற்றிக்கொண்டான். 2022 ஜூலையில் அதையும் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்தது. இப்போது அவன் காலேஜ், அதில் ஒரு பைசா போடுவதில்லை, 'மாமா, அது நம்மளது இல்ல' என்கிறான். அரசாங்கத் தடை வேறு, கம்பெனி மூடுவது வேறு, அதைக் குழப்பிக்கொள்ளவில்லை. காசு போட்டவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்பது மட்டும் ரெண்டிலும் ஒன்று.

டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வெளிநாட்டு யூடியூபர்கள் பேசுவதற்கும் நாம் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர்களுக்கு அது பெரும்பாலும் அலமாரி அழகு. இங்கே பிளேஸ்டேஷன் 5-க்கு ஒரு பெரிய புது கேம் ஐயாயிரம் ரூபாய் பக்கம் போகும். மாதச் சம்பளக்காரன் அதை எப்படிச் சமாளிக்கிறான் என்றால், டிஸ்க் வாங்கி, முடித்து, சூடு ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விற்று, வந்த காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குகிறான். ஒரே டிஸ்க் நாலு வீடு சுற்றும். எங்கள் குரூப்பில் ஒரு டிஸ்க் கோயம்புத்தூர் போய், மதுரை போய், மறுபடி என்னிடமே வந்திருக்கிறது, மேலே நான் போட்ட கீறலை வைத்துக் கண்டுபிடித்தேன். டிஜிட்டலில் இந்தப் பொருளாதாரமே கிடையாது. முடித்த கேம் லைப்ரரியில் கிடக்கும், விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல் ஏன் கொஞ்சம் மலிவு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், மிச்சக் காசை அப்புறம் கேம் கேமாக நம்மிடமே வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான்.

அந்த டிஸ்கிலும் இப்போது சாமான் இருப்பதில்லை. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' டிஸ்கில் இருந்தது 70 எம்பி சொச்சம், மீதி நூறு ஜிபிக்கு மேல் டவுன்லோட். நின்டென்டோ ஸ்விட்ச் 2-ல் 'கேம் கீ கார்டு' என்று ஒன்று, கார்டில் கேமே இருக்காது, டவுன்லோட் பண்ணச் சாவி மட்டும். விற்கலாம், கைமாற்றலாம் என்ற அளவில் அது சுத்த டிஜிட்டலை விடப் பரவாயில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டவுன்லோட் கொடுக்கிற கடை மூடினால்? மூடமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள், 2023 மார்ச்சில் இதே நின்டென்டோ 3டிஎஸ், வீ யூ ரெண்டின் கடையையும் மூடியது. சிடி ப்ராஜெக்ட் மாதிரி ஆட்கள் 'சைபர்பங்க் 2077' முழுவதையும் 64 ஜிபி கார்டிலேயே போட்டுக் கொடுத்தார்கள், ஆக அதுவும் முடியாத காரியம் இல்லை.

படம், புத்தகம் எல்லாம் வேறு கதை என்று நினைக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை எடுக்கப்போகிறோம் என்று 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே பின்வாங்கியது. கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி கேபிள் வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் அமேசான் நிறுத்திவிட்டது. மாதச் சந்தாவைப் பற்றி எனக்குப் பிரச்சினையே இல்லை, கேம் பாஸ் கட்டியிருக்கிறேன், வாடகை என்று தெரிந்துதான் கட்டுகிறேன், வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவேன். முழு விலையும் வாங்கிக்கொண்டு வாடகைக்காரனாக நடத்துவதுதான் ஒத்துவரவில்லை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது லைசென்ஸ்தான் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும் எனச் சட்டம் வந்திருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. சொல்லிவிட்டுப் பிடுங்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்றாலும்.

திருட்டு சிடி பற்றி இதில் பேசாமல் போவது போலித்தனம். பர்மா பஜாரில் வாங்கிய சிடியில்தான் என் தலைமுறை கேம் பழகியது, 'ரோட் ராஷ்' ஒரிஜினல் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதை நியாயப்படுத்த வரவில்லை, செய்தவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. ஆனால் விசித்திரம் என்னவென்றால், பல பழைய கேம்கள் இன்று மிச்சம் இருப்பதே காப்பி அடித்தவர்களால்தான். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன்னால் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை. நூலகங்கள் பழைய கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கக் கொடுக்கலாமா என்று அங்குள்ள காப்புரிமை அலுவலகத்தைக் கேட்டார்கள், 2024 அக்டோபரில் முடியாது என்று பதில் வந்தது. விற்கவும் மாட்டார்கள், நூலகம் கொடுக்கவும் விடமாட்டார்கள் என்றால் ஆட்கள் எங்கே போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931-ல் வந்தது. அதற்கு இன்று ஒரு பிரதி கூடக் கிடையாது, பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான். அப்போதைய ஆட்களுக்குப் படச்சுருளைக் காப்பி எடுத்து வைக்க வசதி இல்லை என்றாவது சொல்லலாம்.

பெரிய கம்பெனிகளைத் திட்டி முடித்தாயிற்று, நான் என்ன வாங்குகிறேன் என்று கேட்பீர்கள். சின்ன கேம்கள்தான் அதிகம். 2023-ல் வந்த 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள், கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டை வைத்து இட்லி, பிரியாணி என்று சமைக்கிற கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் தினசரி லாக்இன் பரிசு கிடையாது, சீசன் பாஸ் கிடையாது, கடை கிடையாது. சமைத்தோம், கொஞ்சம் அழுதோம், முடிந்தது.

பழைய கேம் என்றால் முதலில் ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் தேடுவேன். அங்கே வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அப்புறம் கடையே தேவையில்லை. வாங்கின அன்றைக்கே இறக்கி வெளி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள், அங்கேயே இருக்கட்டும் என்று விட்டால் அதுவும் கிளவுட்தான். ஸ்டீமிலும் எல்லா கேமும் பூட்டியது இல்லை. இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை வேறு இடத்துக்குக் காப்பி பண்ணி, ஸ்டீமை மூடிவிட்டு, உள்ளே இருக்கிற எக்ஸ்இ ஃபைலை நேரடியாக அழுத்திப் பாருங்கள். கணிசமான சின்ன கேம்கள் அப்படியே ஓடும். எது ஓடியது எது ஓடவில்லை என்று நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் கமென்ட்டில் கேளுங்கள். சேவ் ஃபைலைத் தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள், அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ ஒளிந்திருக்கும்.